கூத்தாண்டவர் திருவிழாவும் திருச்சபையின் மௌனமும்

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகச் செல்லும் பேருந்துகளிலும் இரயில்களிலும் திருநங்கையர் திரள்திரளாகப் பயணம் செய்வதை அவ்வட்டாரத்தில் ஊழியம் செய்யும் ஆயர்கள் அனைவரும் அறிவர். மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் அவர்கள் வருகின்றனர். அவர்கள் நாடிச் செல்வது கூவாகம் என்னும் சிற்றூரிலுள்ள கூத்தாண்டவர் கோயிலை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்திற்கும், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று.

கூவாகத்தின் பெயர் நாடறிந்தது. ஆயினும் இவ்விழாவைக் குறித்து அரசாங்க ஏட்டில் காணப்படும் பழைய விரிவான குறிப்பு, கடலூரையும் சிதம்பரத்தையும் சூழ்ந்த கடற்கரை ஊர்களைப் பற்றியது என்பதைப் பலர் அறியார். இவ்வூர்கள் நம் திருச்சபையின் வரலாற்றிலும் இடம் பெற்றவை. ஆகவே அவ்விழாவின் வரலாற்றையும், அதனருகே வாழ்ந்த திருச்சபையின் வரலாற்றையும் சேர்த்து ஆராய்வது பயனுள்ளதென எண்ணுகிறோம். நம் நகரங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் வானவில் பேரணிகளைக் குறித்துச் சபை மக்கள் நம்மிடம் வினாக்கள் எழுப்பும் இந்நாட்களில், இவ்வாய்வு ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் ஓரளவு துணைபுரியும்.

1. 1906ஆம் ஆண்டின் ஏடு

ஐ.சி.எஸ். அதிகாரி டபிள்யூ. பிரான்சிஸ் என்பவர் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கெஜட்டியர் 1906இல் வெளிவந்தது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் அரவானுக்கு, அதாவது கூத்தாண்டவருக்கு, ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட விழாவை அந்நூல் விவரிக்கிறது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய பெருநூலிலும் இக்குறிப்பு எடுத்தாளப்பட்டுள்ளது.

அதன் சாரம் இதுவே. மே மாதத்தில் பதினெட்டு இரவுகள் மகாபாரதம் படிக்கப்படும். அதைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடும். பதினெட்டாம் இரவில் கூத்தாண்டவரின் மரச்சிலை ஒரு தோப்பிற்கு எடுத்துச் செல்லப்படும். கோழிகள் பலியிடப்படும். அரவானை மணப்பதாக நேர்ந்துகொண்ட ஆண்கள் பெண்ணுடை தரித்து வந்து வணங்கி, தாங்கள் கொண்டுவந்த தாலியைப் பூசாரியிடம் கொடுப்பர். அவர் தெய்வத்தின் சார்பில் அதை அவர்கள் கழுத்தில் கட்டுவார். சிலை கோயிலுக்குத் திரும்பியதும் அதன் முன் ஒரு துணி பிடிக்கப்படும். அது அரவானின் பலியைக் குறிக்கும். உடனே தாலி கட்டிக்கொண்டவர்கள் கணவனை இழந்தவர்களாய் ஓலமிட்டு அழுவர். மணமான ஆண்களும் இவ்வாறு நேர்ந்துகொள்வர். கடும் நோயுற்றோர் சுகம் வேண்டித் தாலி கட்டிக்கொள்வர்.

இத்தகைய சடங்குகள் வேறு ஊர்களிலும் உண்டென்று அந்நூல் கூறுகிறது. பரங்கிப்பேட்டைக்கு வடமேற்கே இரண்டு மைல் தொலைவிலுள்ள கொத்தட்டை, சிதம்பரத்திற்கு வடமேற்கே ஐந்து மைல் தொலைவிலுள்ள ஆதிவராகநத்தம், சிதம்பரத்திற்குக் கிழக்கே ஒரு மைல் தொலைவிலுள்ள திருவேட்களம் ஆகியவை அவை. திருவேட்களம் என்பது பின்னர் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்த இடத்தை அடுத்த ஊரேயாகும். கொத்தட்டையில் இன்றும் இவ்விழா நடைபெறுகிறது. திருநங்கையர் அங்கும் வந்து தாலி கட்டிக்கொள்கின்றனர்.

இக்குறிப்பில் நாம் உற்றுநோக்க வேண்டிய சொல் ஒன்றுண்டு. தாலி கட்டிக்கொண்ட யாவரையும் அவ்வதிகாரி ‘ஆண்கள்’ என்றே எழுதினார். நேர்த்திக்கடனுக்காக ஓரிரவு சேலை உடுத்த குடியானவரும், வாழ்நாள் முழுவதும் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தவரும் அந்தச் சொல்லுக்குள் வேறுபாடின்றி அடங்கிவிடுவர். எழுதுபவரிடம் சொல் இல்லாதபோது, எழுதப்படுபவர் ஏட்டில் இடம் பெறுவதில்லை. இது வரலாற்று மாணவர் அனைவரும் கருத்தில் கொள்ளவேண்டிய உண்மையாகும். திருமறை மொழிபெயர்ப்பைக் குறித்தும் இதே உண்மையைப் பின்னர் காண்போம்.

தமிழில் சொல் இல்லாமற் போகவில்லை. தொல்காப்பியம் ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் சொற்களுக்கு இலக்கணம் வகுக்கையில் அவர்களை உயர்திணையிலேயே வைத்துப் பேசுகிறது. மக்களென மதிக்கப்படுவோரின் திணை அது. பிற்காலப் பேச்சு வழக்கில் அச்சொற்கள் ஏச்சாக மாறின. 1990களில் அரவானின் பெயரையொட்டி ‘அரவாணி’ என்ற சொல்லும், 2000களில் ‘திருநங்கை’ என்ற சொல்லும் பரவின. பெண்ணாகப் பிறந்தவரென்று கருதப்பட்டுத் தம்மை ஆணாக உணர்வோர் ‘திருநம்பி’ எனப்படுகின்றனர்.

2. அரவான் கதை வளர்ந்த விதம்

வியாச பாரதத்தில் இராவான் என்பவன் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த மகன். பீஷ்ம பருவத்தில், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் அவன் கொல்லப்படுகிறான். அங்கே களப்பலி இல்லை, திருமணமும் இல்லை. போருக்கு முன் காளிக்குத் தன்னையே பலியாகத் தரும் அரவானைத் தமிழ் மரபிலேயே காண்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் களப்பலிச் செய்தி இடம் பெறுகிறது. பின்னர் வில்லிபுத்தூராரின் பாரதமும் அதைக் கூறுகிறது.

மணமாகாமல் சாக விரும்பாத அரவானுக்கு எவரும் பெண் கொடுக்க முன்வராததால், கண்ணனே மோகினி வடிவெடுத்து ஓரிரவு அவனுக்கு மனைவியானான் என்ற கதை தெருக்கூத்தாலும் வாய்மொழி மரபாலும் வளர்ந்தது. திரௌபதி வழிபாட்டைச் செஞ்சி வட்டாரத்தில் ஆராய்ந்து 1988இலும் 1991இலும் இரு தொகுதிகள் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல், கூத்தாண்டவர் விழாக்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். மறுநாள் சாகப்போகிறவனை மணக்க எந்தப் பெண்ணும் துணியவில்லை. ஆணும் பெண்ணுமாக நின்ற ஒருவரே அவனை மணந்தார் என்பதே இக்கதையின் உயிர்நிலை. திருநங்கையர் தங்களை அந்த மோகினியாகக் காண்கின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பலருக்காகத் தன்னையே ஒப்புக்கொடுத்த அரவானைக் கிறிஸ்துவுக்கு நிழலாகக் காட்ட நம்முள் சிலர் விரும்பக்கூடும். அது எளிதான வழி. ஆனால் அரவான் பலி ஒரு போரின் வெற்றிக்காகக் கேட்கப்பட்ட பலி. அதைக் கேட்டவர்கள் அவனுடைய சொந்தக் குடும்பத்தார். வீட்டார் கைவிட்ட பிள்ளையின் கதையாகவே திருநங்கையர் பலர் அதைக் கேட்கின்றனர் என்றால் வியப்பில்லை. அவர்களுடைய கதையை நம் போதனைக்கு உவமையாக எடுத்துக்கொள்ளும் முன், அவர்கள் அதில் எதைக் கேட்கிறார்கள் என்பதை நாம் கேட்டறிதல் நலம்.

3. ஓரிரவு மாலையும் மறுநாள் வெள்ளைச் சேலையும்

கூவாகத்தில் விழா பதினெட்டு நாள் நடைபெறுகிறது. கூழ் வார்த்தலோடு அது தொடங்கும். பௌர்ணமியன்று இரவு தாலி கட்டும் சடங்கு. கோயிலைச் சுற்றிலும் தாலிக் கயிறும் வளையலும் பூவும் விற்கும் கடைகள் நிறைந்திருக்கும். இரவெல்லாம் கும்மியும் ஆட்டமும் நிகழும். மறுநாள் காலையில் அரவான் தேரேறுவார். தேர் அழிகளம் சேர்ந்ததும் ஆடல் ஒப்பாரியாக மாறும். பூசாரிகள் தாலியை அறுப்பர், வளையல்கள் உடைக்கப்படும், பூ களையப்படும். பின்னர் குளித்து வெள்ளைச் சேலை உடுத்துவர்.

தாலி கட்டிக்கொள்வோரில் திருநங்கையர் மட்டுமல்லர், சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஆண்களும் சிறுவர்களும் உண்டு. 1906ஆம் ஆண்டின் ஏடு கூறும் நேர்த்திக்கடன் இன்றும் மறையவில்லை. ஒரே வரிசையில், ஒரே பூசாரியின் கையால், குடியானவரும் திருநங்கையும் தாலி பெறுகின்றனர். அவ்விரவில் ஒருவரை மற்றவர் ஏளனம் செய்ய இடமில்லை.

ஆனால் பொழுது விடிந்தபின் அவர்களின் வழிகள் பிரிகின்றன. குடியானவர் சேலையைக் களைந்து, வேட்டி உடுத்து, மனைவி மக்களிடம் திரும்புகிறார். திருநங்கைக்குத் திரும்பிச் செல்லப் பெரும்பாலும் பிறந்த வீடு இல்லை. அவர் தம் கூட்டத்தாரிடமே திரும்புகிறார். கிராமம் அவருக்கு ஓரிரவு மணப்பெண்ணின் மதிப்பையும், ஒரு பகல் துக்கப்படும் உரிமையையும் தந்தது. ஆண்டின் மற்ற நாட்களுக்கு அது பொறுப்பேற்கவில்லை. இவ்விழாவின் பெருமையும் அதன் எல்லையும் இதுவேயாகும். கிராமத்தை நாம் குறைகூறுவதற்கில்லை. அந்த ஓரிரவையும் வேறெவரும் அவர்களுக்குத் தரவில்லை.

1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்ட பிறகு, 1990களில் சுகாதாரப் பணியாளரின் கவனம் கூவாகத்தின்மேல் விழுந்தது. விழிப்புணர்வு முகாம்களும், விழுப்புரத்தில் அழகிப் போட்டிகளும் கலைநிகழ்ச்சிகளும் விழாவோடு சேர்ந்தன. செய்தியாளர்கள் குவிந்தனர். பெருந்தொற்றின் காரணமாக 2020இலும் 2021இலும் நின்றிருந்த விழா 2022இல் மீண்டும் நடைபெற்றது. இவ்வாறு கோயில் விழா, ஒரு சமுதாயம் ஆண்டுக்கொருமுறை கூடித் தன் நலன்களைப் பேசும் மாநாடாகவும் வளர்ந்தது.

4. சட்டமும் பேரணியும்

நகரங்களில் நடைபெறும் வானவில் பேரணிகள் இதற்கு முற்றிலும் வேறான தோற்றமுடையவை. 1969 சூன் 28இல் நியூயார்க் நகரில் ஸ்டோன்வால் என்னும் விடுதியில் காவலர் நடத்திய சோதனையை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தது. அதன் ஓராண்டு நினைவாக 1970 சூனில் முதல் பேரணிகள் அமெரிக்க நகரங்களில் நடந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் பேரணியை அமைத்தவருள் ஒருவர் டிராய் பெரி என்னும் போதகர் என்பது நம் வாசகர்க்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இவர் தம் சபையினின்று விலக்கப்பட்டபின், 1968இல் தன்பாலீர்ப்பினருக்கென ஒரு திருச்சபையைத் தொடங்கியவர்.

இந்தியாவில் முதற்பேரணி 1999 சூலை 2இல் கல்கத்தாவில் நடந்தது. அதில் நடந்தவர் ஏறத்தாழ பதினைவரே. சென்னையில் முதற்பேரணி 2009 சூன் 28இல் மெரினா கடற்கரையில் நடைபெற்றது. நான்கு நாட்களுக்குப்பின், சூலை 2இல், டெல்லி உயர்நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயதுவந்தோரின் இசைவான தனிவாழ்வுக்குப் பொருந்தாதெனத் தீர்ப்பளித்தது. மதுரையில் 2012 சூலையில் வானவில் விழா நடந்தது.

இப்பேரணிகளை மேலைநாட்டு இறக்குமதி என்று நம் சபைகளில் பலர் கூறக் கேட்கிறோம். பேரணி என்ற வடிவம் அங்கிருந்து வந்ததே. ஆனால் அப்பேரணி எதிர்த்த சட்டமும் அங்கிருந்து வந்ததே என்பதை மறத்தலாகாது. மெக்காலேயின் வரைவின் வழிவந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு இயற்கைக்கு மாறானவை என்று தான் கருதியவற்றைக் குற்றமாக்கியது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வடஇந்தியாவில் ‘அண்ணகர்’ என்று அரசு வகைப்படுத்திய மக்களின் பெயர்களைக் காவல்துறைப் பதிவேட்டில் ஏற்றவும், அவர்கள் பெண்ணுடையில் பொதுவிடத்தில் தோன்றுவதைத் தண்டிக்கவும் இடம் கொடுத்தது. வடக்கே பெண்ணுடை குற்றமாயிருந்த அதே ஆட்சியில், தெற்கே கடலூர்க் கடற்கரையில் பெண்ணுடையில் தாலி கட்டிக்கொண்டவர்களை மாவட்ட ஏடு ஒரு விந்தையாகப் பதிவு செய்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். தமிழக அரசு 2008 ஏப்ரல் 15இல் அரவாணிகள் நலவாரியத்தை அமைத்தது. 2013 திசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை மாற்றி 377ஆம் பிரிவை நிலைநிறுத்தியது. 2014 ஏப்ரல் 15இல் அதே நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து அறிவிக்கும் உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயதுவந்தோரின் இசைவான உறவு குற்றமாகாதெனத் தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. 2023 அக்டோபர் 17இல் உச்சநீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்திற்கு அரசியலமைப்பில் அடிப்படை உரிமை இல்லையெனத் தீர்ப்புக் கூறியது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377க்கு நிகரான பிரிவு இல்லை.

விழாவும் பேரணியும் ஒன்றல்ல. விழா நேர்த்திக்கடன், பேரணி உரிமை வேண்டல். விழாவில் திருநங்கையரே மிகுதி. பேரணியில் தன்பாலீர்ப்பினரும் திருநம்பியரும் அவர்தம் பெற்றோரும் நண்பரும் நடக்கின்றனர். திருநங்கையும் தன்பாலீர்ப்பினரும் திருமறை கூறும் அண்ணகரும் ஒருவரே என எண்ணுவதும் பிழை. ஆயினும் ஒரு தொடர்ச்சியைக் காண்கிறோம். ஓரிரவு தரப்பட்ட மதிப்பை ஆண்டின் எல்லா நாட்களிலும் கேட்பதே பேரணி. ‘வாடாமல்லி’ நாவலில் சு. சமுத்திரம் அவர்களுக்காகப் பேசினார். பின்னர் ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா போன்றோர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினர். தங்களைக் குறித்த ஏட்டைப் பிறர் எழுதிய காலம் இவ்வாறு முடிவுற்றது.

5. அதே கடற்கரையில் திருச்சபை

தேவனாம்பட்டினம் என்றவுடன் திருச்சபை வரலாறு கற்ற எவருக்கும் புனித தாவீது கோட்டை நினைவுக்கு வரும். 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை அது. 1737இல் சர்ட்டோரியசும் கைஸ்டரும் கடலூரில் அருட்பணியைத் தொடங்கினர். 1740இல் கீர்நாண்டர் வந்து பணியேற்றார். 1758இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைவசமானபோது அவர் கல்கத்தா சென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டேனிஷ் மிஷனார் இம்மாவட்டத்தின் உட்பகுதிகளில் பணிசெய்தனர். அதன் கனியான ஆற்காடு லுத்தரன் திருச்சபை இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது. கூவாகம் செல்லும் வழிகளிலுள்ள ஊர்களில் அதன் ஆலயங்களும் பள்ளிகளும் உள்ளன. திருக்கோவலூரில் அதன் மருத்துவமனை உண்டு.

ஆக, கூத்தாண்டவர் விழா நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. அது நம் ஆலய வாசலைக் கடந்து சென்ற விழா. புறமதத் திருவிழாக்களுக்குக் கிறிஸ்தவர்கள் செல்லலாகாதென்று மிஷனரிமார் ஒழுங்கு வகுத்தனர். புதிதாக விசுவாசத்திற்கு வந்த சிறு சபைகளைக் காக்க அவர்கள் அதை அவசியமென்று கருதினர். ஆனால் அதன் விளைவு ஒன்றை அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். சிலைக்கு விலகி நின்ற நாம், சிலையின் முன் அழுதவர்களுக்கும் விலகி நின்றோம். வழிபாட்டைக் குறித்த தீர்ப்பு மனிதரைக் குறித்த தீர்ப்பாக மாறியது.

இங்கே நம் திருமறையில் மறைந்துபோன ஒரு சொல்லைக் கருதுவோம். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியனைக் கிரேக்க மூலம் ‘யூனூகோஸ்’ என்று ஐந்து முறை குறிப்பிடுகிறது. அண்ணகன் என்பதே அதன் நேர்பொருள். 1871இல் பவர் குழுவினர் முடித்தளித்த மொழிபெயர்ப்பின் வழிவந்து இன்றும் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில் அவ்வைந்து இடங்களிலும் ‘மந்திரி’ என்ற சொல்லே நிற்கிறது. அதே திருப்புதல் ஏசாயா 56இலும் மத்தேயு 19இலும் ‘அண்ணகன்’, ‘அண்ணகர்’ என்ற சொற்களைத் தயங்காமல் ஆளுகிறது. எபிரெயத்தில் இதற்கு நிகரான ‘சாரீஸ்’ என்னும் சொல் சில இடங்களில் அரண்மனை அதிகாரி என்று மட்டுமே பொருள்படுவதால், மொழிபெயர்ப்பாளருக்கு இம்முடிவுக்குக் காரணம் இருந்தது. ஆயினும் 27ஆம் வசனத்தில் லூக்கா உயர் அதிகாரியைக் குறிக்க வேறொரு சொல்லையும் உடன் வைத்துள்ளார். எனவே இரு பொருளும் அங்கே உள்ளன என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

விளைவு யாது? தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சபைகள் ஒரு மந்திரியின் மனந்திரும்புதலைக் கேட்டுவந்தன. உபாகமம் 23இன்படி கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாத ஒருவன், எருசலேம் சென்று தொழுதுகொண்டு திரும்பும் வழியில் ஏசாயாவின் சுருளைப் படித்துக்கொண்டிருந்தான் என்பதை அவை கேட்கவில்லை. அவன் படித்த பகுதி ஐம்பத்து மூன்றாம் அதிகாரம். அச்சுருளை இன்னும் சற்று விரித்தால், அண்ணகனுக்கு ஆலயத்தில் இடமும், புத்திரபாக்கியத்திலும் மேலான நிலையான பெயரும் வாக்களிக்கும் ஐம்பத்தாறாம் அதிகாரம் வரும். 1906ஆம் ஆண்டின் ஏடு ‘ஆண்கள்’ என்ற சொல்லால் மறைத்ததை, நம் வேதாகமம் ‘மந்திரி’ என்ற சொல்லால் மறைத்தது. இரண்டிலும் பகைமை இல்லை. இரண்டிலும் மறைந்தவர் மறைந்தவரே.

6. நம்முன் நிற்கும் வினா

இந்தியத் திருச்சபைகள் இப்பொருளில் ஒருமனப்பட்டிருக்கவில்லை. 377ஆம் பிரிவு குறித்த வழக்கில் டெல்லித் தீர்ப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றவருள் அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பும் உத்கல் கிறிஸ்தவப் பேரவையும் இருந்தன. மறுபுறம் இந்திய தேசியத் திருச்சபைகள் பேரவை இப்பொருளைச் சபைகள் கற்றாராயும்படி கருத்தரங்குகளை நடத்தியது. இந்திய சுவிசேஷத் திருச்சபையில் திருநங்கை ஒருவர் இறையியல் பயின்று ஆயராகி, செங்கற்பட்டை அடுத்த சிற்றூரில் ஊழியம் செய்த செய்தி 2010களின் தொடக்கத்தில் வெளிவந்தது. திருமணத்தைக் குறித்தும் பாலுறவு ஒழுக்கத்தைக் குறித்தும் நம் சபைகள் இன்னும் நெடுங்காலம் விவாதிக்கும். அவ்விவாதம் தேவையானதே. ஆயின் அவ்விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கடமைகள் சில உண்டு.

முதலாவது, பிரசங்க மேடைக்குரியது. அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரம் வாசிக்கப்படும் நாளில் மறைந்த சொல்லை மக்களுக்கு எடுத்துரைக்கலாம். ஏச்சுச் சொற்களையும், அவர்களை முன்வைத்த நகைச்சுவைகளையும் பிரசங்கத்தினின்று நீக்கலாம். இதற்கு எந்த மாமன்றத் தீர்மானமும் வேண்டியதில்லை.

இரண்டாவது, வீட்டுச் சந்திப்புக்குரியது. தம் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் இல்லை என்பதை அறிந்த பெற்றோர் முதலில் நாடுவது பெரும்பாலும் ஆயரையே. அவ்வேளையில் ஆயர் கூறும் சொல், அப்பிள்ளை வீட்டில் இருப்பதையோ இரயில் நிலையத்திற்குச் செல்வதையோ தீர்மானிக்கக்கூடும். கூவாகத்தில் அழுவோருள் எத்தனை பேர் வீட்டினின்று துரத்தப்பட்டவர் என்பதை நினைக்கையில், இப்பொறுப்பின் பாரம் விளங்கும். துரத்திவிடும்படி ஆலோசனை கூறும் அதிகாரம் எந்த ஆயருக்கும் கொடுக்கப்படவில்லை.

மூன்றாவது, பதிவேட்டுக்குரியது. ஞானஸ்நானம், நற்கருணை, அடக்கம் ஆகிய மூன்றிலும் சபை ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. ஒரு திருநங்கை நம் ஆலயத்திற்கு வந்தால் எந்த வரிசையில் அமர்வார்? மரித்தால் எந்தப் பெயரால் அடக்கம் செய்யப்படுவார்? இவை சிறு வினாக்கள் போலத் தோன்றும். ஆனால் ஏசாயா வாக்களித்தது ஒரு பெயரையே என்பதை நினைவுகூர்வோமாக. அரசு அடையாள அட்டை கொடுத்துவிட்டது. கூத்தாண்டவர் கோயில் ஓரிரவுக்குத் தாலி கொடுத்தது. சபையின் பதிவேட்டில் அப்பெயருக்கு இடமுண்டா என்பதே நம்மிடம் கேட்கப்படும் வினா.

காசாவுக்குப் போகும் வனாந்தர வழியில், தான் ஞானஸ்நானம் பெறத் தடை என்னவென்று அவ்வண்ணகன் கேட்டான். தடைகளின் பட்டியல் பிலிப்புக்குத் தெரியாததன்று. நியாயப்பிரமாணத்தை அறிந்த யூதன் அவன். நம் பழைய திருப்புதலின்படி, பிலிப்பு அவனிடம் நாடியது முழு இருதயத்தோடு கூடிய விசுவாசம் ஒன்றையே. பின்பு இருவரும் தண்ணீரில் இறங்கினர்.